சத்திரத்தில் சாம்பல் இல்லை

எங்கள் வீட்டில் யார் எதைத் துப்பினாலும் அது இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. இது அத்தை போட்ட சட்டம். அத்தை என்றால் நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தவள். காய்ச்சல்காரர் வாந்தி எடுத்தாலும் சரி, சளிக்காரர் காறினாலும் சரி, கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பலைப் போட்டு அதில்தான் துப்ப வேண்டும். மேலே இன்னொரு பிடி சாம்பல். உடனே கொண்டுபோய்க் குப்பைமேட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வர வேண்டும். சுத்தம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஊரில் பாதி வீடுகளில் இதே வழக்கம்தான். ஆனால் அந்த நல்ல பழக்கம் என் அம்மாவைக் கொன்றிருக்கும். என்னையும் பள்ளிக்கூடப் பெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. சிரிப்பு அப்புறம்தான்.

கார்வேட்டிநகரத்துக்கும் பாலசமுத்திரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். கேழ்வரகு, வேர்க்கடலை, கிணற்றுப் பாய்ச்சலில் கொஞ்சம் கரும்பு, பட்டி நிறைய ஆடு. வீட்டுக்குள் தமிழ், தாலுகா கச்சேரியில் தெலுங்கு, சந்தையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊர் ஊராக அடித்துக்கொண்டிருந்த காலம். நைனாவுக்கு அது ஒரு பைத்தியமாகவே பிடித்திருந்தது. எங்கே எல்லைக் கூட்டம் என்றாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, யாரும் கேட்காவிட்டாலும், எந்த ஊர் நமக்கு வரும், எது அவர்களுக்குப் போகும் என்று விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார். அம்மா அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போய்த் தட்டை வைப்பாள். "எல்ல எங்க வேணா இருக்கட்டும். களி ஆறிப்போவுது, துன்னு" என்பாள்.

அம்மாவுக்கு அதற்கு முன்பே ஒரு கண்டம் வந்து போயிருந்தது. இடது மார்பில் கட்டி. மதராஸுக்குக் கொண்டுபோய் அறுத்து எடுத்து, அப்புறம் நோய் திரும்பாமலிருக்கக் கரண்டு வைத்தார்கள். வைத்த இடத்தில் தோல் கருகி, தீய்ந்த தோசை மாதிரி ஆகிவிட்டது. புத்துநோய் என்ற வார்த்தையை நைனா அத்தையிடம் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டது அவ்வளவுதான். அவர் குரலுக்கு ரகசியம் தெரியாது. அம்மா உட்பட எல்லோருக்கும் கேட்டது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அம்மா பழைய புடவைத் துணியைச் சதுரமாக மடித்து ரவிக்கையின் அந்தப் பக்கம் வைத்துக்கொள்வாள். வைத்துக்கொண்டு, களை எடுக்கப் போய்விடுவாள். இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தாள். எங்களுக்கும் மெல்ல மெல்லப் பயம் விட்டுப்போயிருந்தது.

கங்கம்மா ஜாத்திரை முடிந்த கையோடு இருமல் பிடித்தது. முதலில் வறட்டு இருமல். அப்புறம் ஒருநாள் இருமிய இருமலில் வாயில் உப்புத் தண்ணீர் மாதிரி ஏதோ வந்திருக்கிறது. அதில் வெள்ளையாகச் சின்னச் சின்னத் தோல். அம்மா பயந்துபோய் அத்தையிடம் காட்டினாள். அத்தை பார்த்தாள், சாம்பலைப் போட்டாள், புதைத்தாள். "வெளிய மூச்சு உடாத. காசநோய்க்காரி வூடுன்னு பேரு வந்துச்சின்னா இவள எவன் கட்டுவான்?" என்று சொல்லியிருக்கிறாள். இவள் என்பது நான். அதற்குப் பிறகும் அப்படி வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சேர்ந்து புதைத்திருக்கிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் பொய்கூடச் சொல்லவில்லை, மண்ணைப் போட்டு மூடினார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

இருமல் நிற்காததால் நைனா அம்மாவைச் சித்தூருக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டர். நல்ல மனுஷர், அவரை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார், தமிழிலேயே கேட்டார்: "இருமினா என்னம்மா வருது?" அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நைனா, "சளிதான் சார், வேற ஒண்ணியும் இல்ல" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண்டாட்டிக்குத் தலைவலி என்றாலும் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று புருஷன்தான் சொல்லுவான். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நைனாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன். நெஞ்சுக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஒன்று இருக்கிறது, மார்பில் இருந்த பழைய நோய் உள்ளே வந்துவிட்டது, மதராஸுக்கு வேண்டுமானால் கொண்டுபோங்கள், ஆனால் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொன்னார். சொல்லும்போது அவருடைய குரலும் தணிந்துதான் இருந்தது. நைனா வெளியே வந்து, "ஒண்ணும் இல்லமே, கபம் கட்டிக்கினு கீதாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பஜாரில் நின்று திராட்சை வாங்கினார். எங்கள் ஊரில் திராட்சை என்பது சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்குகிற பழம். பஸ்ஸில் அம்மா அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுகூடத் தின்னாமல் வந்தாள். "தெராட்ச வாங்கினாரு பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சி எனக்கு" என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே என் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் நல்லது செய்ய முடியாது. அதற்கப்புறம் தாயில்லாப் பெண்ணை யார் தேடி வருவார்கள்? அதனால் அவள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அவளும் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போவாள். இப்படி நைனாவும் அத்தையும் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு அலைய வேண்டாம், கைக்குள்ளேயே இருந்தார்: அம்மாவின் தம்பி, என் மாமா. புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். எனக்கும் அவருக்கும் எலியும் பூனையும்தான். என் மூக்கைப் பிடித்துத் திருகி விசில் ஊதுவார். நான் அவர் டிக்கெட் பையை ஒளித்துவைப்பேன். இவருக்குக் கழுத்தை நீட்டு என்றால் எப்படி இருக்கும்! எஸ்.எஸ்.எல்.சி.க்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பூகோளத்தில் வகுப்பில் நான்தான் முதல்.

நான் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாகப்போகிற அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மாமாவும் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் கடைசி ஆசை என்று அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அம்மா அப்படி ஒரு ஆசையைச் சொல்லவே இல்லை. பெண்ணை ஒரு இடத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நைனா நிம்மதியாக இருப்பார் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள். நைனாவோ அவளுக்காகத்தான் இவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். யாருக்குமே வேண்டாத கல்யாணம், எல்லோரும் எல்லோருக்காகவும் சரி என்றோம்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. மதராஸில் அறுத்தபோது திருப்பதிக்கு முடி கொடுக்கிறேன் என்று வேண்டியிருந்தாள், இன்னும் கொடுக்கவில்லை. "கடன வச்சிக்கினு போவக்கூடாது" என்றாள். அப்படியானால் கல்யாணத்தையும் மலையிலேயே முடித்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். மஞ்சள் புடவை, தாலி, பித்தளைச் சொம்பு, கட்டுச்சோறு எல்லாம் டிரங்குப் பெட்டியில் போயின. நைனா அந்த எக்ஸ்ரே படத்தையும் பெட்டியில் வைத்தார். எதற்கு என்று மாமா கேட்டதற்கு, "சாமிக்குக் காட்றதுக்கு" என்றார். டாக்டர் பார்த்துக் கைவிரித்த படத்தைப் பெருமாளே ஒரு தடவை பார்க்கட்டும் என்று அவருக்கு எண்ணம்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் திருப்பதி போய் இறங்கினோம். கீழ்த் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் அறை கிடைத்தது. விடிந்ததும் பஸ்ஸில் மலை ஏறுவது என்று ஏற்பாடு. நைனாவும் மாமாவும் பூமாலை, பஸ் இவற்றை விசாரிக்க வெளியே போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே வரும் அவள் முடி. "நாளிக்கு இது இருக்காது, ஒருவாட்டி நல்லா வாரி உடு" என்றாள். நான் சீப்பை எடுத்து நாலு இழுப்பு இழுத்திருப்பேன். இருமல் பிடித்தது.

அப்படி ஒரு இருமலை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. உடம்பு இரண்டாக மடிந்துபோயிற்று. அத்தை பித்தளைச் சொம்பை எடுத்து நீட்டினாள். குடத்தைச் சாய்த்த மாதிரி தண்ணீர் வந்து விழுந்தது. தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாகத் தோல், உரித்த திராட்சைத் தோல் போல வழவழ என்று. அம்மா பின்னால் சாய்ந்தாள். கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, மூச்சு விசிலடித்தது. முடிந்தது என்று நினைத்தேன். என் கையில் இன்னும் சீப்பு இருந்தது.

அத்தைக்கு அந்த நேரத்திலும் அவளுடைய சட்டம்தான். "சாம்பலு! எங்கனா சாம்பலு கொண்டாடி!" என்றாள். நான் ஓடினேன். அறைகளில் சமைக்கக்கூடாத சத்திரம் அது, அடுப்பே கிடையாது. சத்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி பின்கட்டில் இருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சாம்பல் கேட்டேன். "சாம்பலா? ஸ்டவ்ல ஏது சாம்பல்? எதுக்கு?" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் அத்தையே சொம்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துச் சாக்கடைப் பக்கம் வந்துவிட்டாள்.

அந்த அம்மாள் கரண்டியோடு குறுக்கே பாய்ந்தாள். "ஆகு, நில்லு! அங்க எங்க கொட்டப் போற? யாத்ரீகங்க வாந்தி எடுத்தா டாக்டர் பாக்காம ஒரு சொட்டுக் கொட்டக் கூடாது. காலரா வந்து இந்தச் சத்திரமே ஒருதரம் பூட்டிக் கெடந்துது, தெலுசா?" என்றாள். தெலுங்கும் தமிழும் கலந்து ஒரே சத்தம். அத்தை, இது வாந்தி இல்லை, சளி என்கிறாள். அந்த அம்மாள் எதுவானாலும் கொட்டக்கூடாது என்கிறாள். சொம்பை நடுவில் வைத்து இரண்டு பேரும் பிடித்து இழுக்கிறார்கள். நான் இருவரையும் பார்த்து, "எங்கம்மா செத்துப்போவுது!" என்று கத்தினேன். அதற்கப்புறம்தான் அந்த அம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் தன் புருஷனைத் தெருக்கோடி டாக்டரிடம் விரட்டினாள். ஆனால் சொம்பை மட்டும் அத்தை கையிலிருந்து பிடுங்கிப் படிக்கட்டின் கீழே வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டாள்.

டாக்டர் குள்ளமாக, வேட்டி மடித்துக் கட்டியபடியே வந்தார். மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு தணிந்தது. தடிப்புகள் அமுங்கின. அம்மா கண்ணைத் திறந்து, "முடிய அள்ளி முடிஞ்சி உடு, ஆம்பளைங்க வந்துகீறாங்க" என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது.

டாக்டர் சொம்பைக் கொண்டுவரச் சொன்னார். தட்டை எடுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு குச்சியை விட்டு அந்தத் தோலைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் இருந்த தூக்கம் ஒரேயடியாகப் போய்விட்டது. அப்போதுதான் நைனாவும் மாமாவும் கையில் மாலையோடு உள்ளே வந்தார்கள். நிலவரம் தெரிந்ததும் நைனா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வாய்ல வந்தது உப்பா இருந்ததா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"சளி சார். சித்தூர் டாக்டர்கூட..." என்று நைனா ஆரம்பித்தார்.

"நேனு நின்னு அடகலேது. உன்னைக் கேக்கல நான்" என்றார் டாக்டர்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம், "உப்புதான் சார்" என்றாள். "இதுக்கு முன்னாடியும் வந்துச்சி. இந்தத் தோலும் கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சி."

"வந்ததை என்ன பண்ணினீங்க?"

"சாம்பலு போட்டுப் பொதச்சிட்டோம்."

டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் நைனாவின் பக்கம் திரும்பி, இவ்வளவு நேரம் பேசவிடாததற்கு ஈடு செய்கிற மாதிரி, நிதானமாகக் கேட்டார்: "மீ இன்ட்லோ குக்க உந்தா?"

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா! நைனாவுக்கு வந்ததே கோபம். "எம் பொண்டாட்டி புத்துநோய்ல சாவக் கெடக்கறா. நாளிக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம். நீ நாயி இருக்குதா பூன இருக்குதான்னு கேட்டுக்கினு கீற! நீயெல்லாம் இன்னா டாக்டரு?" என்று எகிறினார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாதான் படுத்தபடியே, "இருக்குது சார். கறுப்பு நாயி. ஆட்டுக்குக் காவலு. எங்கையாலதான் சோறு வெப்பேன். மூஞ்செல்லாம் நக்கும்" என்றாள்.

"ஆடு வெட்டினா உள்ள இருக்கிற ஈரல், நுரையீரல் இதெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"கெட்டுப்போனதா இருந்தா நாய்க்குப் போட்டுருவோம்" என்றாள் அத்தை. சொன்னவள் சட்டென்று சொம்புக்குள் குனிந்து பார்த்தாள். "ஐயோ சாமி! ஆட்டு நொரையீரல்ல தண்ணி கட்டிக்கினு வெள்ளையா முட்ட முட்டையா இருக்குமே, அது மாதிரியில்ல கீது! ஜாத்திரைக்கு வெட்டினதுல கூட இருந்துச்சே, நாந்தானே நாய்க்கு வீசினேன்!"

"அதேதான்" என்றார் டாக்டர். அப்புறம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். அந்த முட்டைக்குள் இருப்பது ஒரு புழுவின் குஞ்சு. நாய் அதைத் தின்றால் நாயின் குடலில் அது புழுவாக வளரும். நாய் போகிற இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முட்டை விழும். அதன் மயிரிலும் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கை வழியாக வயிற்றுக்குள் போனால், ஆட்டுக்கு வருவது போலவே நமக்கும் உள்ளே தண்ணீர்க் கட்டி வளரும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். இது போன ஜாத்திரைச் சமாசாரம் இல்லை, அம்மாவுக்கு மார்பை அறுப்பதற்கு முன்பே உள்ளே புகுந்திருக்கும் என்றார். எக்ஸ்ரேயில் பார்த்தால் உருண்டையாகத்தான் தெரியும்.

எக்ஸ்ரே என்றதும் நைனா ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். சாமிக்கு என்று கொண்டுவந்த படம் முதலில் இந்த டாக்டர் கைக்குப் போயிற்று. முற்றத்து வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "சித்தூர் டாக்டர் மேல தப்பு இல்ல. ஏற்கெனவே புற்று வந்த உடம்பு, உருண்டையா ஒரு நிழல், சளி தவிர ஒண்ணும் வரலைன்னு புருஷனே சொல்றார். நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இந்தத் தோலை அவர் பாக்கல, அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் தோலையும் தண்ணீரையும் ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், காலையில் வருகிறேன், அதுவரை அம்மாவை மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்றார்.

"காலம்பர மொகூர்த்தம் சார்" என்றார் நைனா.

"யாருக்கு?"

நைனா என்னைக் காட்டினார். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்கூல்ல படிக்கிற பொண்ணு மாதிரி இருக்கு" என்றார். "படிக்கிறேன் சார். பூகோளத்துல நான்தான் ஃபர்ஸ்ட்" என்றேன். அந்த நேரத்தில் அது எதற்கு என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் முகூர்த்த நேரம் வந்தது, போயிற்று. மாலை ஒரு மூலையில் வாடிக் கிடந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டாக்டர் தெருவில் வரும்போதே அவர் நடையைப் பார்த்துச் சத்திரத்து அம்மாள், "நல்ல சேதி" என்று சொல்லிவிட்டாள். அவர் உள்ளே வந்து நைனாவைத் தாண்டி நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னார். புழுவேதான், அதன் தலையில் இருக்கிற குட்டிக் கொக்கிகளைக் கண்ணால் பார்த்தேன். நேற்று அந்தக் கட்டி உடைந்ததில் உயிரே போயிருக்கலாம், தப்பித்துவிட்டீர்கள். மிச்சத்தை மதராஸில் ஆப்பரேஷன் பண்ணி எடுத்துவிட வேண்டும். மார்பையும் அங்கேயே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த உருண்டை பழைய நோய் இல்லை.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அப்பிடின்னா நான் இப்போ சாவ மாட்டேனா சார்?" என்று கேட்டாள். சந்தையில் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"இப்போதைக்கு இல்லம்மா" என்று சிரித்தார் டாக்டர்.

அம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். அப்புறம் மாமாவைப் பார்த்து, "தம்பி, எனக்காவத்தானே இம்மா அவசரம்? இப்போ எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அவ படிக்கட்டும். நீயும் போயி பஸ்ல விசிலு ஊது" என்றாள்.

மாமா ஒரு சத்தம் போட்டுச் சிரித்தார் பாருங்கள், சத்திரமே திரும்பிப் பார்த்தது. "அக்கா, நீ பொழச்சதுக்கு ஒரு கும்பிடு, நான் பொழச்சதுக்கு ஒரு கும்பிடு" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து என் மூக்கைப் பிடித்துத் திருகினார். நான் அவர் கையை நன்றாகக் கடித்துவிட்டேன். சந்தோஷத்தில்தான். நைனா முற்றத்துத் தூணைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "எல்ல எங்கனா போவட்டும், ஜில்லாவே போவட்டும். நீ இருந்தா போதும்மே" என்றார். எல்லைக்காகச் சாப்பாட்டை மறந்த மனுஷர் சொன்னது அது. அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "போதும், நாலு பேரு பாக்கறாங்க" என்றாள்.

அன்றைக்கு அம்மாவின் வேண்டுதலுக்காக நைனாவும் மாமாவும் மட்டும் மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சி, எனக்கு மசுரோட போச்சி" என்று மாமா தலையைத் தடவிக்கொண்டே இட்லி தின்றார். மஞ்சள் புடவை திரும்ப டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. மதராஸில் அம்மாவுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி எடுத்த எக்ஸ்ரேயைச் சித்தூர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அவரே பஜாரில் திராட்சை வாங்கிவரச் சொல்லி அம்மா கையில் கொடுத்தார். இந்தத் தடவை அம்மா பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டாள். எனக்கு நாலைந்து கிடைத்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் நைனா நாயை அடித்துக் கொல்ல உலக்கையைத் தூக்கினார். அம்மா குறுக்கே நின்றாள். "அது இன்னா செய்யும்? நாம போட்டத துன்னுச்சி" என்றாள். அன்று முதல் நாய்க்குச் சோறு உண்டு, நக்கல் கிடையாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அத்தை தன் சட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். ஆடு வெட்டினால் முட்டை கட்டிய ஈரலையும் நுரையீரலையும் நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைப்பாள். மனுஷர் துப்பினால் மட்டும், "மூடாத, மூடாத, மொதல்ல பாக்கறேன்" என்று ஓடிவருவாள். பார்க்கவே கூடாது என்று இருந்தவள்!

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டீச்சர் டிரெயினிங்கும் முடித்து, வேலைக்குப் போன பிறகுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நகரி பக்கம், வாத்தியார். அதற்குள் எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி மதராஸ் பக்கம் போய், நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றுவிட்டோம். நைனா ஒரே ஒரு நாள் முணுமுணுத்தார். மாமா தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து தாய்மாமன் சீர் வைத்தார். வைக்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நல்ல வேள, அந்தப் புழு என்னக் காப்பாத்துச்சி" என்றார். மணவறையில் உட்கார்ந்துகொண்டே நான் அவரை முறைத்தேன். நான் கட்டியிருந்தது அந்தப் பழைய மஞ்சள் புடவை. அம்மாதான் அதைக் கட்டச் சொன்னாள்.

தாலி ஏறும்போது அம்மா அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் சும்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை, தோள் குலுங்குகிற அழுகை. நல்ல நாள் அதுவுமாக ஏன் இப்படி அழுகிறாய் என்று அத்தை அதட்டினாள்.

"அன்னிக்கித் திருப்பதில அழுதிருக்கணும் நானு" என்றாள் அம்மா. "சாவப்போறவ அழுதா புள்ள பயந்துக்குமேன்னு அடக்கிக்கினு இருந்தேன். இப்போ இன்னா, உசுரோடதானே கீறேன். அழுவறேன், உடு."